சேதி வராத ஊர்

(புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்துவிட்டால் பாம்பனில் இந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு, நாகப்பட்டினத்தில் அந்த எண் கூண்டு என்று நாள்தோறும் செய்தியில் கேட்கிறோம். 1864-இல் ஒரு பெரும்புயல் கல்கத்தாவைச் சூறையாடியது. மறு வருடமே அந்தத் துறைமுகத்துக்கென்று ஒரு எச்சரிக்கை முறையை ஏற்படுத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்துதான் இன்றைய கூண்டு வந்திருக்கிறது. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் தொங்கும், இரவில் விளக்குகள் எரியும். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயத்துக்கான எண்கள். 10-ஆம் எண்ணோடு வரிசை முடிந்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் 11-ஆம் எண் என்று ஒன்று இருக்கிறது.

அது காற்றின் வேகத்தைச் சொல்கிற எண் அல்ல. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று இங்கிருக்கும் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். தொடர்பு போன நிலையை இந்த வரிசையின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து தகவல் வரவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று கம்பத்தை வெறுமையாக விட்டுவிடுவதுதான் மனித இயல்பு. இந்த முறையை வகுத்தவர்கள் அந்த இயல்பை அறிந்திருந்தார்கள். தகவல் நின்றுபோனால் கூண்டை ஏற்று என்று சொன்னார்கள். இன்று நான் பேச வந்ததும் இந்த 11-ஆம் எண்ணைப் பற்றித்தான். துறைமுகத்துக்கு இருக்கிற இந்த அறிவு ஊருக்கும் வேண்டும், ஆட்சியர் அலுவலகத்துக்கும் வேண்டும்.

நமக்குத் தெற்கே, ஒரு பகல் பயணத் தூரத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, கடும் புயலின் நடுவே, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பயணிகள் ரயில் புறப்பட்டது. வண்டி எண் 653. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் அணைந்து கிடந்தது. சற்று நேரம் காத்திருந்த பின் ஓட்டுநர் வண்டியை முன்னே செலுத்தினார் என்று அந்த இரவைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன. எழுந்து வந்த கடல் வண்டியை அப்படியே மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வண்டியில் இருந்தார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த ரயில் என்னவாயிற்று என்று வெளியுலகத்துக்குத் தெரிய ஏறத்தாழ 48 மணி நேரம் ஆயிற்று. பாம்பன் பாலமும் சிதைந்துவிட்டது, தந்திக் கம்பிகளும் போய்விட்டன. ஒரு ஊரே கடலுக்குள் கிடக்க, மறுகரையில் பொழுது வழக்கம்போல விடிந்திருக்கிறது.

அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில், மழையில், பின்னால் ஒரு வண்டி நிறைய ஜனங்களோடு நின்றுகொண்டு, எதிரே விளக்கு எரியாததற்கு எத்தனையோ சாதாரணக் காரணங்களை யாரும் நினைக்கலாம். அணைந்த விளக்கும் ஒரு சேதி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 15 இரவு முடிந்து 16 பிறக்கும் நேரத்தில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை ஏறியது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். முன்னெச்சரிக்கையில் குறை சொல்ல முடியாது. 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். முதல் நாள் எதிர்க்கட்சித் தலைவரே அரசைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் அது புயலுக்கு முந்திய வேலைக்கான பாராட்டு. புயல் எங்கெல்லாம் போயிற்று, என்னவெல்லாம் செய்தது என்பது அந்த நேரத்தில் சென்னைக்குத் தெரியாது. திருச்சிக்குக்கூடச் சரியாகத் தெரியாது.

கரை ஏறிய புயல் கரையோடு நிற்கவில்லை. திருவாரூர், தஞ்சாவூர் வழியாக நம் மாவட்டத்துக்குள் நுழைந்து, கந்தர்வக்கோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல், அறந்தாங்கி என்று உழுதுகொண்டே திண்டுக்கல் பக்கம் போயிற்று. புயல் என்றால் அது மணமேல்குடிக்காரர்கள், கோட்டைப்பட்டினத்துக்காரர்கள், ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் கவலை என்று உள்நாட்டுக் கிராமங்கள் நினைத்துப் பழகியிருந்தன. நமக்குச் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை இருந்தாலும், ஆலங்குடிப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கடல் எங்கோ இருக்கும் ஒன்று. விடிந்து பார்த்தபோது தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னை படுத்துக் கிடந்தது. பலா வேரோடு சாய்ந்திருந்தது. வாழை இருந்த இடமே தெரியவில்லை. மின்கம்பங்கள் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல் விழுந்தன. சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

அந்த நாட்களில் செல்போன் என்னவாயிற்று என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கோபுரம் நிமிர்ந்து நிற்கிறதே, ஏன் பேச முடியவில்லை என்று பலரும் கேட்டார்கள். காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. கோபுரத்தின் அடியில் பேட்டரி இருக்கும். அது சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். சாலை முழுக்க மரம் விழுந்து கிடந்தால் டீசலை யார் கொண்டுபோவது? டீசல் இருந்தாலும், அந்தக் கோபுரத்தை அடுத்த ஊரோடு இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் பல இடங்களில் கம்பத்துக்குக் கம்பம் கட்டித்தான் போகிறது. கம்பம் விழுந்தால் இழையும் போயிற்று. கோபுரத்தில் இருக்கும் வட்டத் தட்டு அடுத்த கோபுரத்தைக் குறிபார்த்துப் பொருத்தப்பட்டது. காற்றில் அது கொஞ்சம் திரும்பிவிட்டாலும் தொடர்பு இல்லை. இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் கையில் இருப்பது வெறும் டார்ச் விளக்கு.

பழைய தரைவழித் தொலைபேசிக்கு ஒரு குணம் இருந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது பேசும். அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது. இன்று வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையில் அந்த வசதி கிடையாது. வேகம் கிடைத்திருக்கிறது, இந்த ஒன்றை இழந்திருக்கிறோம். இழந்ததை யாரும் நமக்குச் சொல்லவும் இல்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர்! வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டு, தொடர்பு எல்லைக்கு அப்பால் என்ற குரலையே நாட்கணக்கில் கேட்டார்கள். தொலைக்காட்சியில் வேதாரண்யத்தைக் காட்டுகிறார்கள், நாகப்பட்டினத்தைக் காட்டுகிறார்கள். தன் ஊரைக் காட்டவில்லை, ஆகவே தன் ஊருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சிலர் தேறுதல் சொல்லிக்கொண்டார்கள். காட்டாததற்குக் காரணம் வேறு. அந்த ஊருக்குள் கேமரா போக வழி இல்லை.

ஊருக்குள்ளே நிலைமை எப்படி? மின்சாரம் இல்லாததால் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடவில்லை, குடிதண்ணீர் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற்றினார்கள், அதிலேயே செல்போனுக்கும் சார்ஜ் போட்டார்கள். இளைஞர்கள் அரிவாளையும் மரம் அறுக்கும் மிஷினையும் எடுத்துக்கொண்டு தாங்களே சாலையைத் திறந்தார்கள். உழைப்புக்குக் குறைவில்லை. குறை, ஒரு வார்த்தை வராததுதான். எப்போது மின்சாரம் வரும், யார் கணக்கெடுக்க வருவார்கள், நாம் இப்படிக் கிடப்பது மேலே யாருக்காவது தெரியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. புயலுக்கு மறுநாள் கொத்தமங்கலத்தில் கோபம் எல்லை மீறி, அரசு வாகனங்கள் எரிந்தன. பிறகு போலீஸ், கைது, வழக்கு என்று அந்த ஊர் இன்னொரு துன்பத்தையும் பட்டது. தீ வைத்ததை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். பட்ட நஷ்டத்தைவிட, தங்களை எவரும் நினைக்கவே இல்லை என்ற எண்ணம் மனிதரை அதிகம் எரிக்கும். அந்த எண்ணம் உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தகவல் இல்லாத இடத்தில் அது தானாக முளைத்துவிடும்.

நான் திரும்பத் திரும்ப யோசித்து வந்து சேர்ந்த இடம் இது. பேரிடர் என்றாலே எச்சரிக்கை என்று நாம் நினைக்கிறோம். எச்சரிக்கை மேலிருந்து கீழே வருவது. அதில் நாம் வெகுவாக முன்னேறிவிட்டோம். கீழிருந்து மேலே போக வேண்டிய சேதிக்கு, அதாவது இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறோம், இன்னது வேண்டும் என்ற சேதிக்கு, செல்போனைத் தவிர நம்மிடம் வழியே இல்லை. செல்போன் போனால் பேரிடர் உதவி எண்களான 1077-க்கும் அழைக்க முடியாது, 1070-க்கும் அழைக்க முடியாது. அப்போது அதிகாரிகளுக்கு யார் பேசுகிறார்களோ அவர்கள் ஊரே பாதிக்கப்பட்ட ஊராகத் தெரிகிறது. பேச முடிகிற ஊர் ஓரளவு தப்பித்த ஊர். அடியோடு போன ஊரிடமிருந்து ஒரு சத்தமும் வராது. ஆகவே சேதி வராத ஊருக்குத்தான் முதல் வண்டி போக வேண்டும்.

நம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், ஏறத்தாழ 500 ஊராட்சிகள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில், ஊராட்சிக்கு ஒரு கட்டம் வரைந்த ஒரு பலகை போதும். புயல் கடந்து ஆறு மணி நேரத்துக்குள் எந்தெந்த ஊராட்சியிலிருந்து நேரடித் தகவல் வந்ததோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி. வெற்றாகக் கிடக்கும் கட்டங்களுக்கு, யாரும் கேட்காமலேயே, மரம் அறுக்கும் ஆட்களோடு வண்டி புறப்பட வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது, புதிய சட்டமும் வேண்டாம்.

ஊர்ப்பக்கமும் ஒரு 11-ஆம் எண் வேண்டும். சிக்னல் போய்விட்டது, தொலைக்காட்சி போய்விட்டது என்றால், ஆபத்து குறைந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள். புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று நிற்கும். நட்சத்திரம்கூடத் தெரியலாம். முடிந்தது என்று வெளியே வந்து விழுந்த ஓட்டைப் பொறுக்குகிறவரை, எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று பிடித்துக்கொள்ளும். முடிந்தது என்று நம்பத்தக்க ஒருவர் சொல்லும்வரை முடியவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நம்பத்தக்க ஒருவர் யார்? கம்பி எல்லாம் அறுந்த பிறகு அவர் குரல் எப்படி வரும்? முதலில் வானொலியைச் சொல்வேன். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிப்பது. மத்திய அலைக்கு ஒரு பெருமை உண்டு. பண்பலை சில பத்துக் கிலோமீட்டரோடு நின்றுவிடும். மத்திய அலை மாவட்டங்களைத் தாண்டிப் போகும், இரவில் இன்னும் தூரம் போகும். ஒரு காலத்தில் நம் ஊர்த் தெருக்களில் இலங்கை வானொலி எவ்வளவு துல்லியமாகக் கேட்டது என்பதைப் பெரியவர்கள் நினைத்துப் பாருங்கள். புயல் இங்கே இருக்கும்போது, புயல் இல்லாத ஊரில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரம் நமக்குச் சேதி சொல்லும். 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதையும் இருட்டாக்கியபோது, விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது வாபா என்ற மத்திய அலை வானொலி. மக்கள் அந்த நிலையத்துக்கே நடந்துபோய் உறவினர்களுக்குச் சேதி சொன்னார்கள். நம் வீடுகளில் இன்று இரண்டு பேட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோ எத்தனை வீட்டில் இருக்கிறது? செல்போனில் இருந்த பண்பலை வசதியையும் கம்பெனிகள் எடுத்துக்கொண்டே வந்தன. அந்த வசதி இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி, மீனவர்களுக்கென்றே 90.4 பண்பலையில் இயங்குகிறது. காற்று எப்படி, அலை எப்படி என்று தினமும் அவர்கள் பேச்சிலேயே பேசுகிறது. தினமும் என்பதுதான் இதில் முக்கியம். ஆபத்துக்கு மட்டும் எடுக்கிற கருவி ஆபத்தன்று வேலை செய்யாது. புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு கிராமத்தின் கதை இதைத்தான் காட்டுகிறது. புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை அமைத்திருந்தது. அலை உயரம், காற்று, மீன் விலை என்று ஒலிபெருக்கியில் சொல்வது கரையோர ஊர்களில் அன்றாட வழக்கம். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் கதவைத் திறந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அலை வருவதற்குள் 3,600 பேரும் ஓடிப் பிழைத்தார்கள். சுனாமிக்கென்று ஒரு திட்டமும் அங்கே இருந்ததில்லை. இருந்தவை, வேலை செய்கிற ஒலிபெருக்கியும், அதில் வரும் குரலை நம்பிப் பழகிய காதுகளும்தான். நம் பக்கத்துக் கோட்டைப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள், கோயில்களின் குழாய்கள், மாதா கோயில் மணி எல்லாம் இதே வேலைக்கு ஆகும். மின்சாரம் போனாலும் ஓட ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டும். பொறுப்பெடுத்துக்கொள்ளும் ஒரு ஆளும் வேண்டும்.

இந்த இடத்தில் தண்டோராவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்கள் இருக்கும்போது இன்னும் ஒருவரை அப்படித் தெருவில் நடக்கவிடலாகாது என்பதே அதன் சாரம். நூற்றுக்கு நூறு சரியான முடிவு. ஊருக்கெல்லாம் சேதி சொன்னவரை ஊருக்கு வெளியே குடிவைத்திருந்த வழக்கம் அது. ஆனால் மரம் விழுந்த தெருவில் வாகனம் போகாதபோது கால்நடையாய்ப் போய்ச் சொல்லும் வேலை மறுபடி வரும். அந்த வேலை பழைய வழக்கப்படி பழைய தெருவின் தலையில் விழக்கூடாது. ஒவ்வொரு தெருவிலிருந்தும் இருவர், ஆணும் பெண்ணுமாக, முறைவைத்துப் போக வேண்டும். அதேபோல், சேதி எந்தத் தெருவோடு நின்றுபோகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லேனா விளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் அழியாநிலையிலும் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்கள், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்கள், காது கேளாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் இந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டியவர்கள்.

அமெச்சூர் வானொலி, அதாவது இருபக்கமும் பேசக்கூடிய ஹாம் ரேடியோ என்பதையும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தன் குழுவோடு அந்தமானுக்குப் போய், போர்ட் பிளேரில் ஒரு ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களோடு அந்தமானிலிருந்து பேசுவதே அந்தப் பயணத்தின் நோக்கம். அங்கேதான் சுனாமி வந்தது. தீவுகளின் தொலைபேசி அடங்கிப்போன அந்த நாட்களில், யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே என்ன வேண்டும் என்ற சேதி அந்தச் சின்ன நிலையத்தின் வழியாக நாட்டுக்குப் போயிற்று. ஒரு கார் பேட்டரியும் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய ஒரு கம்பியும் போதும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பேசலாம். மத்திய அரசு நடத்தும் ஒரு தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 12 வயதுப் பிள்ளைகூட எழுதலாம். நம் மாவட்டத்தின் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் நிறுவனத்துக்கொரு குழு உருவானால், ஒவ்வொரு தாலுகாவுக்கும் ஒரு குரல் நிச்சயம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். கம்பியில்லாப் பேச்சுக் கருவிகளையும் மறக்கக்கூடாது. படகு கரையில் கிடந்தாலும் அதன் பேட்டரியில் கருவி பேசும்.

புதிய தொழில்நுட்பத்தை நான் ஒதுக்கவில்லை. 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குச் சேதி எட்டவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி 2019-இல் வந்தது. ஒரு பகுதியில் உள்ள எல்லாச் செல்போன்களிலும் ஒரே நேரத்தில் அலறும் எச்சரிக்கையை 2023-இல் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கோபுரம் உயிரோடு இருக்கும்வரைதான் அது அலறும்.

தகவலே இல்லாததற்கு அடுத்த ஆபத்து, தப்பான தகவல். 2004 சுனாமி முடிந்து நான்காம் நாள், டிசம்பர் 30, மறுபடி சுனாமி வரும் என்று மத்திய அரசிடமிருந்தே ஓர் எச்சரிக்கை வந்தது. நாகப்பட்டினத்தில் நிவாரணம் செய்துகொண்டிருந்தவர்கள்கூட ஓடினார்கள். வந்தது வெறும் பயம்தான். 2015 சென்னை வெள்ளத்தில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பண்ணை மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. செல்போன் செத்த ஊரில் வதந்திக்கு வாட்ஸ்அப் வேண்டாம். டீக்கடையிலிருந்து டீக்கடைக்குப் போய்விடும்.

அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, எழுதிவைத்த எழுத்து. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் இஷினோமாகி நகரத்தைச் சுனாமி தாக்கியது. அந்த ஊரின் சிறிய நாளிதழான இஷினோமாகி ஹிபி ஷிம்புனின் அச்சு இயந்திரம் நீரில் போய்விட்டது. மின்சாரம் கிடையாது. அச்சடிக்க வைத்திருந்த காகிதச் சுருளில் நனையாத பகுதியைக் கிழித்து, தடித்த மையால் கையாலேயே செய்தித்தாள் எழுதினார்கள். பிரதி எடுக்க வேறு வழியில்லை, ஒவ்வொன்றையும் திரும்ப எழுதினார்கள். நிவாரண முகாம்களின் சுவரில் ஒட்டினார்கள். ஆறு நாட்கள் இப்படி ஒரு பத்திரிகை நடந்தது. எத்தனை பேர் என்ன ஆனார்கள் என்பதோடு, எங்கே சாப்பாடு, எந்தப் பக்கம் மின்சாரம் வந்தது, எப்போது உதவி வரும் என்பதும் அதில் இருந்தது. சரியான செய்தியைக் கொண்டு நிதானமாக நடப்போம் என்று முதல் நாள் தாளிலேயே மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

நம் ஊரில் ரேஷன் கடைச் சுவர் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. காலையும் மாலையும் இரண்டு வேளை எழுதலாம். எழுதிய தேதி, மணி, அதைச் சொன்னவர் யார், அவர் கண்ணால் பார்த்தாரா கேட்டுச் சொன்னாரா, அடுத்து எப்போது எழுதப்படும் என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்றும் தெரியாத நாளில், இன்று தகவல் இல்லை, ஆள் அனுப்பியிருக்கிறோம், மாலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள் என்றாவது எழுத வேண்டும். கொத்தமங்கலத்தில் அன்று அப்படி ஒரு பலகை இருந்திருந்தால் அந்தத் தீ எரிந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

ஊரின் சேதியை யார் வெளியே கொண்டுபோவது? இங்கேதான் எனக்கு இந்த மாவட்டத்தின் மீது பெரிய நம்பிக்கை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள் இருந்தார்கள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராமச் செவிலியர்கள் எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள். கேலி பேசிய ஊரே பிறகு வழிவிட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரிந்த கதை. அந்த இயக்கத்தில் சேதி எப்படிப் போயிற்று? மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து தெருவுக்கு, ஆள் மூலமாக. திரும்பி வந்ததும் அதே வழியில்தான். அன்று செல்போன் என்ற ஒன்றே நம்மிடம் கிடையாது. காரும் பைக்கும் நுழைய முடியாத இடத்தில், விழுந்த மரத்தின் மேலாகத் தூக்கிக் கடத்திக்கொண்டு போகக்கூடிய வண்டி இன்றைக்கும் சைக்கிள்தான்.

அன்று கற்றுக்கொண்ட பெண்களில் பலர் இன்று பாட்டிமார்கள். அவர்களுடைய மகள்கள் சுய உதவிக் குழுக்களில் இருக்கிறார்கள், நூறு நாள் வேலைக்கு ஆள் கணக்கு எடுத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்று எந்தச் செயலியையும்விட அவர்களுக்குத்தான் தெரியும். மேலே போகும் சேதியை எழுத அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவது அக்டோபர் 2 கூட்டம். அந்தக் கூட்டத்தில் உங்கள் ஊராட்சியிலிருந்து ஒரு தீர்மானம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புயல் கடந்தவுடன் வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்கோ தாசில்தார் அலுவலகத்துக்கோ சேதி கொண்டுபோகும் இருவர் யார், அவர்கள் போக முடியாவிட்டால் அடுத்த இருவர் யார், எந்த வழியாகப் போவார்கள், பலகையில் எழுதுகிறவர் யார், ரேடியோ யார் வீட்டில் இருக்கும், பேட்டரியை மாதம் ஒரு முறை யார் பார்ப்பார் என்று பெயரோடு எழுதிவையுங்கள். அதே பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதி தாலுகா அலுவலகத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் சைக்கிளில் வந்து நிற்கும் பெண்ணை, நீ யாரம்மா என்று கேட்டு வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். செப்டம்பரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் செல்போனை அணைத்துவைத்துவிட்டு, காலையில் ஊரிலிருந்து புறப்படும் ஒரு காகிதம் தாலுகா அலுவலகம் போய்ப் பதிலோடு திரும்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒத்திகை பாருங்கள். கிராம சபையில் பேசவேண்டிய பொருளில் இந்தத் தீர்மானத்தைச் சேர்க்கச் சொல்லி ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுக்க வேண்டும். மனுவின் மாதிரி வேண்டுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.